அஞ்சறைப் பெட்டியில் ஓர் ஆயுதசாலை

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை குறுக்கிடும் இடத்தில் இருக்கிறது நசரத்பேட்டை. பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. இன்று சென்னையின் தாகம் தீர்க்கும் இந்த ஏரி, ஒரு காலத்தில் சுற்றுவட்டார வயல்களுக்குப் பாய்ந்த ஏரி. இராமானுஜர் காலத்தில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் பூந்தமல்லியில் நந்தவனம் வைத்து, பூத்தொடுத்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனார் என்பது வைணவ மரபு. செடி வளர்ப்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

வயல்கள் மனைகளாகிவிட்டன. தோட்டம் மாடிக்கு ஏறிவிட்டது. 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்புகளைக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில் கத்தரியும் வெண்டையும் காய்ப்பது நகரத்தில் சாதாரணக் காட்சியாயிற்று. ஆனால் செடிக்கு ஒன்று என்றால் எல்லோரும் வேளாண் அலுவலகத்துக்கு ஓடுவதில்லை. தெருமுனை மளிகைக் கடையே போதும் என்கிறது பக்கத்து வீட்டு வைத்தியம். “பூ கொட்டுதா? பெருங்காயம் கரைச்சு ஊத்துங்க.” “இலையில வெள்ளை பூத்திருக்கா? மோர் தெளிங்க.” “முட்டை ஓடு போடுங்க, தக்காளி நல்லா வரும்.”

இவற்றில் எது பலிக்கும், எது பலிக்காது, ஏன்? எதை ஊற்றினாலும் அது ‘உரம்’, அதாவது செடிக்குச் சாப்பாடு என்று நினைத்துக்கொள்வதால்தான் குழப்பமே. கடை அடுக்கில் இருப்பவற்றுள் செடிக்கு நேரடி உணவு மிகக் குறைவு. அங்கே இருப்பவற்றை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்: உயிர், ஆயுதம், தாது, செய்தி. ஒரு பொருள் இதில் எந்த வகை என்று தெரிந்துவிட்டால், அதை எப்போது, எவ்வளவு, எங்கே பயன்படுத்துவது என்பதும் தெரிந்துவிடும்.

உயிர்: உறங்கும் சரக்கு

மளிகைக் கடையில் விற்கும் பொருள்களில் பலவற்றுக்கு உயிர் இருக்கிறது. தனியா, வெந்தயம், கடுகு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி எல்லாமே உறங்கும் குழந்தைச் செடிகள். ஈரம் மிகக் குறைந்த நிலையில் விதைக்குள் வேதிவினைகள் ஏறக்குறைய நின்றுபோய், மூச்சு மட்டும் மெலிதாக ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டதும் எழுந்துகொள்கின்றன.

எல்லாம் எழுவதில்லை. பாசிப்பருப்பு முளைக்காது, பயறை உடைத்துத் தோல் நீக்கும்போது முளைக்கரு சேதமாகிவிடுகிறது. அரிசி முளைக்காது, தீட்டும்போது கருமுளை தவிட்டோடு போய்விடுகிறது. மிளகு பழுக்கும் முன்பே பறித்துக் காயவைக்கப்படுவது. கிராம்பு விதையே அல்ல, விரியாத பூமொட்டு. வெயிலில் காய்ந்த வற்றல் மிளகாயை உதறினால் விழும் விதை மட்டும் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை.

தனியாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருண்டையாக, மேலே கோடு கோடாக இருக்கும் அது ஒரு விதை அல்ல, ஒரு கனி. அதன் நடுவே ஒரு பிளவுக் கோடு ஓடுகிறது. உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்தால் இரண்டு கிண்ணங்களாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் ஒரு விதை. முழுசாகப் போட்டால் ஈரம் உள்ளே இறங்க நாளாகும், நெருக்கமாகவும் முளைக்கும். பாட்டிமார் செருப்புக் காலால் தேய்த்து விதைத்ததன் காரணம் இதுதான். கொத்தமல்லிக்குக் குளிர்ச்சி வேண்டும். மே மாத மாடியில் வராது. வந்தாலும் இலை விடாமல் பூவுக்குத் தாவிவிடும். ஐப்பசி முதல் தை வரை அதற்கு ஏற்ற காலம்.

வெந்தயம் இன்னொரு வேலையும் செய்கிறது. பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் வேர்களில் சிறு முடிச்சுகள் உண்டாகி, அவற்றில் பாக்டீரியா குடியேறும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் எந்தச் செடியாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இந்த பாக்டீரியா அதைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுக்கிறது. பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கிறது. எனவே கீரை பறித்தபின் வேரைப் பிடுங்காமல் தண்டை மட்டும் நறுக்கிவிட்டு, வேரைப் பையிலேயே மட்க விடுவது நல்லது.

ஆயுதம்: நகர முடியாதவன் சண்டை

புலி வந்தால் மான் ஓடும்; ஆடு வந்தால் செடி ஓடாது. நின்ற இடத்திலேயே புழுவோடும் பூஞ்சையோடும் போராட வேண்டும் என்பதால், பல கோடி ஆண்டுகளில் தாவரங்கள் வேதிப்பொருள்களையே ஆயுதமாக்கிக்கொண்டன. நாம் காரம், மணம், நெடி, கசப்பு என்று சொல்லி ரசத்திலும் குழம்பிலும் போடுபவை பெரும்பாலும் அந்த ஆயுதங்களே. அஞ்சறைப் பெட்டி என்பது தாவரங்களின் ஆயுதசாலை.

கடுகைப் பாருங்கள். முழுக் கடுகுக்கு நெடி கிடையாது. அரைத்துத் தண்ணீர் விட்டதும் மூக்கில் ஏறுகிறது. கடுகுக்குள் சினிக்ரின் என்ற பொருள் ஓர் இடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் நொதி வேறு செல்களிலும் இருக்கின்றன. தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் வேறு வேறு அறையில் வைத்திருப்பது போல. புழு கடித்ததும் சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற நெடிப்பொருள் பிறக்கிறது. கடித்தவனே தனக்கு நஞ்சு தயாரித்துக்கொள்கிறான். பூச்சியும் பூஞ்சையும் நூற்புழுவும் இந்த நெடிக்கு அஞ்சும். கடுகுப் பிண்ணாக்கை மண்ணில் கலந்து ஈரமாக்கி, சில நாள் கழித்து நாற்று நடுவதன் பின்னால் இருப்பது இந்த வேதியியல்தான். உடனே நட்டால் இளவேரையும் அது பதம் பார்க்கும்.

பூண்டிலும் இதே கதை. உரிக்காத பூண்டில் மணம் அதிகமில்லை. நசுக்கினால் அல்லினும் அல்லினேஸ் நொதியும் சேர்ந்து அல்லிசின் ஆகிறது. அதை 1944இல் அமெரிக்காவின் செஸ்டர் கவலிட்டோவும் ஜான் பெய்லியும் பிரித்தெடுத்து, பாக்டீரியாவைக் கொல்லும் ஆற்றலைக் காட்டினார்கள். இதிலிருந்து தோட்டக்காரருக்குக் கிடைக்கும் பாடம் இரண்டு. ஒன்று, பூண்டை வேகவைத்துக் கரைசல் எடுத்தால் பலன் போகும். சூடு நொதியை அழித்துவிடும். பச்சையாக நசுக்கிச் சற்று நேரம் விட வேண்டும். இரண்டு, அல்லிசின் நிலையற்றது. இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசலை அன்றைக்கு அரைத்து அன்றைக்கே தெளிப்பதுதான் முறை.

மிளகாயின் காரம் யாருக்காக? ஜோசியக் கிளி மிளகாய்ப் பழத்தை அலட்டிக்கொள்ளாமல் கொறிப்பதைப் பார்த்திருப்போம். காரத்தை உணர்வது நரம்பிலுள்ள ஓர் உணர்வாங்கி; 1997இல் அதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளிடம் அந்த உணர்வாங்கி, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினுக்கு மசிவதில்லை. ஜோஷுவா டியூக்ஸ்பரியும் கேரி நாபானும் 2001இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைச் சொன்னது: எலி போன்ற பாலூட்டிகள் தின்ற மிளகாய் விதை முளைப்பதில்லை, பறவை வயிற்றைக் கடந்த விதை முளைக்கிறது. விதையை மெல்பவனை விரட்டி, விழுங்கிப் பரப்புபவனை வரவேற்கும் ஏற்பாடு அது. எனவே மாடியில் மிளகாய்த்தூள் தூவினால் அணிலும் எலியும் தயங்கும். கிளியும் மைனாவும் சட்டை செய்யாது. கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே வெறும் மிளகாய்த் தண்ணீரைவிட, சில துளி எண்ணெயும் சோப்பும் சேர்ந்த கலவைக்கு வீரியம் அதிகம்.

வேப்பெண்ணெய்க்குத் தனி வரலாறு உண்டு. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை பச்சையெல்லாம் தின்று தீர்த்தபோது, வேப்ப மரங்கள் மட்டும் தப்பி நின்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கவனித்தார். 1968இல் அதன் முக்கியப் பொருளான அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. இது பூச்சியை உடனே சாகடிப்பதில்லை. வாய் வைக்க விடாமல் செய்கிறது. மீறித் தின்றால் புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்களைக் குழப்பிவிடுகிறது. தெளித்த மறுநாள் புழு ஊர்ந்தாலும் மருந்து பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கு 1994இல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும் அந்நாட்டு வேளாண் துறைக்கும் ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்ததும், இது இந்தியர்கள் முன்பே அறிந்தது என்ற வழக்கில் 2000இல் அது ரத்தாகி 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானதும் தெரிந்த செய்தி. அசாடிராக்டினுக்கு வெயில் ஆகாது. மாலையில் தெளிப்பதே சரி.

சேப்பங்கிழங்கு இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாய் உருண்டு, இலையை நனைக்காமலே கீழே விழும். இலையின் மெழுகும் நுண்ணிய மேடுபள்ளங்களும் தண்ணீரை ஒட்டவிடுவதில்லை. அதே தண்ணீரில் துளி சோப்புக் கரைத்து விட்டால் சொட்டு தட்டையாகிப் பரவும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் பிடிப்பதால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்துவிடுகிறது. மாவுப்பூச்சி மேலே போர்த்தியிருக்கும் வெள்ளை மெழுகும் இப்படித்தான் கலைகிறது. உடல் ஈரம் காக்கும் உறை போனதும் பூச்சி வறண்டு சாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கும் அளவுக்குக் காதி சோப்புக் கரைசல் போதும். சலவைத்தூள் இலையைக் கருக்கிவிடும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும் என்பதால் மழைநீர் உத்தமம்.

மாவுப்பூச்சி என்றதும் ஓர் எச்சரிக்கையும் நினைவுக்கு வர வேண்டும். 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனத் தமிழகமெங்கும் பரவியது. மருந்தடித்து ஓயாத அது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற கடுகிலும் சிறிய குளவியால் அடங்கியது. தோட்டத்தில் நமக்காக வேலை செய்யும் பூச்சிகளும் இருக்கின்றன. வீட்டு மருந்து என்பதற்காகச் செடி முழுவதும் குளிப்பாட்டாமல், பூச்சி அடைந்த இடத்தில் மட்டும் அடிக்க வேண்டும்.

தாது: எந்த இலை முதலில் மஞ்சளாகிறது?

செடிக்குக் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வரும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் போக, மண்ணிலிருந்து 14 தனிமங்கள் வேண்டும். மருந்துக்கடைப் பேதி உப்பு அவற்றில் இரண்டைத் தருகிறது: மக்னீசியம், கந்தகம். இலைக்குப் பச்சை தரும் குளோரோபில் மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. அதற்காக மஞ்சளான செடிக்கெல்லாம் பேதி உப்பு போட முடியாது. எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்க வேண்டும். செடிக்குள் மக்னீசியம் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பும். எனவே கீழ் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக வெளுக்கும். இரும்பு அப்படி நகராது. குறைந்தால் தளிர்தான் வெளுக்கும். தளிர் வெளுத்த செடிக்குப் பேதி உப்பு ஊற்றுவது வீண்.

சுண்ணாம்புச் சத்தும் நகராத வகை. அது தண்ணீரோடு ஏறி, தண்ணீர் அதிகம் ஆவியாகும் இடத்துக்கே போகிறது. இலையில் ஆவியாதல் அதிகம், காயில் குறைவு. கோடை மாடியில் ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், தக்காளியின் அடிப்பகுதிக்குக் கால்சியம் சரிவரப் போய்ச் சேராமல் கறுத்து அழுகும். மண்ணில் கால்சியம் இருந்தும் இப்படி ஆகலாம். முதல் மருந்து, நாள் தவறாமல் அளவாகத் தண்ணீர் விடுவது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கையால் நொறுக்கிப் போட்டால் மாதக்கணக்கில் ஓடாகவே கிடக்கும். மிக்ஸியில் மாவாக அரைத்தால்தான் மண் அமிலம் அதைக் கரைக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு வேகமாகக் கரையும். ஆனால் மண்ணின் காரத்தன்மையை ஏற்றி, இரும்பைப் பூட்டிவிடும்.

அதே சுண்ணாம்போடு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் தாமிர உப்பான மயில்துத்தம் சேர்ந்தால் அது ஆயுதமாகிறது. பிரான்ஸின் போர்தோ பகுதியில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர் பறிக்காதிருக்க, விவசாயிகள் இந்த நீலக் கலவையைத் தெளித்துவைப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை 1882இல் கவனித்தார் பியர் மிலார்தே; 1885இல் அவர் அதை வெளியிட, அது போர்தோ கலவை என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது. தாமிரம் நஞ்சு, மண்ணில் தங்கும். கீரைப் பைக்கு அது வேண்டாம்.

பாகல், பீர்க்கன், வெண்டை இலைகளில் மாவு தூவியது போல வரும் சாம்பல் நோய்க்கு எளிய வழி உண்டு. பல பூஞ்சைகள் இலைக்குள் புகுந்து வளரும். இது இலைமேல் பரப்பிலேயே படர்ந்து, வேர் போன்ற உறிஞ்சியை மட்டும் மேல்தோலுக்குள் இறக்கும். மேலே தெளிப்பதே அதைத் தொட்டுவிடும். பிரேசிலின் வாக்னர் பெட்டியோல் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பசுங்குடிலில் வளர்ந்த சுக்கினிக் கொடிகளுக்குப் பத்தில் ஒரு பங்கு பால் கலந்த தண்ணீரை வாரம் இருமுறை தெளித்தபோது, பூஞ்சைக்கொல்லிகளுக்கு இணையான பலன் தெரிந்தது. சமையல் சோடாவும் இலைப் பரப்பைக் காரமாக்கிப் பூஞ்சையைத் தடுக்கும். அதிலுள்ள சோடியம் பைக்குள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், மண்ணில் வழியாமல் எப்போதாவது தெளிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பால் அந்த வகையில் பாதுகாப்பு.

செய்தி: செடி கேட்கும் மொழி

நான்காவது வகைதான் வியப்பூட்டுவது. உணவும் இல்லை, நஞ்சும் இல்லை; செடிக்குள் ஓடும் தகவலையே நாம் கொடுப்பது. 1979இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ரேமண்ட் வைட், புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலைச் செலுத்திவிட்டு, பிறகு தேமல் வைரஸைத் தொற்றவைத்தார். நோய்ப் புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. ஆஸ்பிரின் வைரஸைக் கொல்லவில்லை. நோய் வந்தால் செடியே சாலிசிலிக் அமிலம் சுரந்து, மற்ற இலைகளின் எதிர்ப்பைத் தட்டியெழுப்பும் என்பது 1990 வாக்கில் தெளிவானது. ஆஸ்பிரின் அதன் உறவுப்பொருள். அதாவது அந்த மாத்திரை, தாக்கப்படாத செடிக்குத் தரும் முன்னெச்சரிக்கை. 1997இல் மற்றொரு குழு, நோயுற்ற புகையிலைச் செடி மெத்தில் சாலிசிலேட்டை ஆவியாக வெளியிட, பக்கத்துச் செடி அதை முகர்ந்து தற்காப்புக்குத் தயாராவதைக் காட்டியது. மூட்டு வலிக்குத் தடவும் களிம்பின் மணம் அதே பொருளுடையது. எச்சரிக்கை அளவு மீறினால் செடி வளர்ச்சியை விட்டுவிட்டுத் தற்காப்பிலேயே செலவழிந்துபோகும், இலையும் கருகும். ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மாத்திரைக்கு மேல் தாண்டாதிருப்பது நல்லது.

இளநீரின் கதை இன்னும் சுவையானது. ஊமத்தை விதையின் மிக இளம் கருவைச் சோதனைக் குழாயில் வளர்க்க முடியாமல் தவித்த யோஹானஸ் வான் ஓவர்பீக்கும் சகாக்களும், 1941இல் தேங்காய்த் தண்ணீர் சேர்த்ததும் அது வளர்ந்ததைக் கண்டார்கள். தேங்காய்க்குள் இருக்கும் தண்ணீர், வளரும் தென்னங்கருவுக்கான உணவுதானே! 1958இல் எஃப்.சி. ஸ்டீவர்ட், தேங்காய்த் தண்ணீர் சேர்த்த கரைசலில் கேரட் செல்களை வளர்த்து, முழுக் கேரட் செடிகளாக்கிக் காட்டினார். செல்லைப் பிரியச் சொல்லும் சைட்டோகைனின் வகை ஹார்மோன்கள் அதில் இருப்பது பின்னர் உறுதியானது. தமிழக இயற்கை விவசாயிகள் பூக்கும் பருவத்தில் தெளிக்கும் தேமோர்க் கரைசலில் தேங்காய்ப் பாலும் மோரும் சேர்ந்து புளிக்கின்றன. இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய பொருள் அது.

வெல்லத்தின் இடம் இந்த நான்குக்கும் வெளியே. செடி தன் சர்க்கரையைத் தானே வெயிலில் தயாரித்துக்கொள்ளும். வெல்லம் உண்பது மண்ணின் நுண்ணுயிர்கள். மீன் கழிவும் வெல்லமும் புளித்த மீன் அமிலத்தில் அவை பெருகி, மீனின் புரதத்தை உடைத்துத் தருகின்றன. ஆனால் வெறும் வெல்லத் தண்ணீரைப் பையில் ஊற்றினால், பெருகும் பாக்டீரியா தம் உடல் கட்ட மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும்; செடி சில நாள் வெளுக்கும்; எறும்பும் வரிசை கட்டும்.

ஆக, எந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இது யாருக்கு? கருவுக்கா, பூச்சிக்கா, இலைக்கா, நுண்ணுயிருக்கா? பதில் தெரியாதபோது சோதித்துப் பார்க்க மாடியே நல்ல ஆய்வுக்கூடம். பூ உதிரும் கத்தரிக்குப் பெருங்காயம் என்ற பேச்சையே எடுத்துக்கொள்ளலாம். கந்தக மணம் வீசும் அந்தப் பிசின், ஃபெருலா செடியின் வேரைக் கீறும்போது வடிவது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலோ மாவும் கோந்தும் கலந்திருக்கும். ஒரே நாளில் நட்ட ஆறு கத்தரிப் பைகளை ஒரே வெயிலில் வையுங்கள். மூன்றுக்குப் பெருங்காயத் தண்ணீர், மூன்றுக்கு அதே அளவு வெறும் தண்ணீர். எந்தப் பை எது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்து, பூவையும் பிஞ்சையும் எண்ணுவதை விஷயம் தெரியாத ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஒரு பருவம் முடிவதற்குள், பெருங்காயத்தைத் தோட்டத்துக்கும் வாங்குவதா, ரசத்தோடு நிறுத்திக்கொள்வதா என்பது தெரிந்துவிடும்.